இருபத்து மூன்று கேஸ் டப்பாக்கள் பற்றி அக்காவுக்கு

அக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40. கையிருப்பில் உள்ள கேஸ் டப்பாக்கள்: பூஜ்யம். நானே என் கையால் காலி செய்து, ஆணியடித்து ஓட்டை போட்ட கேஸ் டப்பாக்கள்: இருபத்து மூன்று.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். நீ, வயிற்றில் இருப்பது, குட்டி, அம்மா எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இடது புருவத்தில் பாதி இல்லை என்பதைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதன் காரணம் பின்னால் வரும், அவசரப்பட்டுப் பக்கம் புரட்டாதே. வரிசையாகப் படித்தால்தான் புரியும். வரிசையாகப் படித்தும் புரியவில்லை என்றால் அது உன் தப்பில்லை. நடந்தது எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இந்தக் கடிதம் பதின்மூன்றாம் தேதி விமானத்தில் வரும். கொண்டுவந்து கொடுப்பவர் அத்தான் என்றால் எல்லாம் சரியாக முடிந்துவிட்டது, நீ மேலே படிக்க வேண்டாம், அவருக்கு முதலில் சாப்பாடு போடு. தபால்காரர் என்றால் உட்கார்ந்து முழுவதும் படி. யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்துகொண்டு கோபப்படலாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அத்தானின் வானிலை நிலையம் இந்தக் குடியிருப்பிலிருந்து மூன்று நாள் ஏற்றம். ஒற்றை ஆள் நிலையம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று, அழுத்தம், மேகம் என்று அளவெடுத்து எழுத வேண்டும். மாற்று ஆள் மேலே போய்ச் சேராமல் இருப்பவர் இறங்கக் கூடாது. அந்த மாற்று ஆள் நான், மூன்று மாதத்துக்கு. விமானம் பத்து நாளைக்கு ஒன்று. நான் வந்தது மூன்றாம் தேதி, அடுத்தது பதின்மூன்று, அதற்கடுத்தது இருபத்து மூன்று. உனக்கு டாக்டர் சொன்ன தேதி இருபது. நாளை காலை, ஏழாம் தேதி, நான் ஏற ஆரம்பித்தால் ஒன்பதாம் தேதி மாலை மேலே. பத்தாம் தேதி காலை அத்தான் இறங்கினால் பன்னிரண்டு மாலை இங்கே, பதின்மூன்று விமானம், பதினான்கு உன் பக்கத்தில். ஒரே ஒரு நாள் தவறினாலும் போன தடவை கதைதான். குட்டி பிறந்து நாற்பதாவது நாள் வாசலில் வந்து நின்ற தாடியைப் பார்த்து அது வீறிட்டு அழுததே, அக்கம்பக்கம் எல்லாம் திருடன் என்று ஓடி வந்ததே, அதே கதை. வழியில் இரண்டு இரவு தங்க வேண்டும். அந்த உயரத்தில் சுள்ளி கிடையாது, ஓடை உறைந்திருக்கும், பனியை உருக்கினால்தான் தண்ணீர். அடுப்பு எரிந்தால் மலை ஏறலாம், எரியாவிட்டால் ஏற முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

விமானத்தில் கேஸ் டப்பா கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். படித்தவன். அதனால் அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன், உள்ளங்கையில் அடங்குகிற, தொண்ணூற்றிரண்டு கிராம் எடையுள்ள அடுப்பு. டப்பாவின் தலையில் இருக்கும் மரையில் திருகினால் எரியும். டப்பாவுக்கு என்ன ஏற்பாடு என்று அலுவலகத்தில் கேட்டேன். அனுப்புகைப் பிரிவு அம்மா கோப்பைத் திறந்து, "எரிபொருள், அங்கு கிடைக்கும்"னு எழுதியிருக்குப்பா என்றார். அங்கு என்றால் எங்கு என்று கேட்டேன். "அங்கதான்" என்றார். யாரிடம் என்று கேட்டேன். "போனா தெரியும்" என்றார். எழுத்தில் இருக்கிறதே என்று நம்பி வந்தேன். எழுத்தை நம்புகிறவன் நான், அது உனக்குத் தெரியும்.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பயணத்துக்கு முன்னால் நம் வீட்டுச் சமையலறையில் அடுப்பைப் பதினொரு முறை எரித்து, ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சராசரி நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று குறித்து வைத்தேன் அல்லவா, அம்மாகூட "தண்ணிய கொதிக்க வச்சுக் கொதிக்க வச்சுக் கீழ ஊத்தறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா"ன்னு கேட்டாளே, அந்தப் பதினொரு முறையும் அடுப்பில் வாசனையாக உட்கார்ந்திருக்கிறது. சோதனைச் சாவடி அம்மா அடுப்பை மூக்குக்கு அருகில் வைத்து, "கேஸ் வாசன வருதே" என்றார். அது எரிவாயு அல்ல, கசிந்தால் தெரிவதற்காகச் சேர்க்கும் நாற்றப்பொருள், பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும், அது எரியாது என்று விளக்கினேன். "அப்ப நாத்தம் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர். கழிவறைக்கு ஓடி, கைகழுவும் சோப்பால் நாலு முறை தேய்த்து, கை உலர்த்தும் யந்திரத்தின் கீழ் பத்து நிமிடம் பிடித்துக் காயவைத்துக் கொண்டுவந்தேன். மறுபடி முகர்ந்தார். "இப்ப மல்லிப்பூ வாசன வருது, போங்க." மூக்கால் அளந்து ஒரு தேசம் பாதுகாக்கப்படுகிறது, அக்கா. கருவி செய்கிறவர்களெல்லாம் எதற்கு இருக்கிறோம் என்று தெரியவில்லை.

மூன்றாம் தேதி மதியம் இங்கே இறங்கினேன். விமான நிலையம் என்று சொன்னால் நீ ஏதாவது நினைத்துக்கொள்வாய். மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு எடைத் தராசு, ஒரு பெஞ்சு, ஒரு ஹீட்டர், ஒரு ஆள். டிக்கெட் கிழிப்பது, மூட்டை நிறுப்பது, ஓடுபாதையில் ஆடு நின்றால் விரட்டுவது, ரேடியோவில் பேசுவது எல்லாம் அந்த ஒருவரே. நல்ல உயரம். ஊரார் வைத்த பெயர் டவர். கொட்டகைக்குள் நுழைந்ததுமே என் கண்ணில் பட்டது ஒரு அலமாரி. அதில் பாதி தீர்ந்தது, கால் தீர்ந்தது, துருப்பிடித்தது, நசுங்கியது என்று கேஸ் டப்பாக்கள், பூட்டு இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. பக்கத்தில் ஹீட்டர் கனகனவென்று எரிகிறது. எனக்குத் தலைமுடி நட்டுக்கொண்டது. தீப்பாதுகாப்புப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவன் நான், கண்ணை மூடிக்கொண்டு போக முடியுமா? அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஏழு குறைகளைக் குறிப்பிட்டு ஒரு புகார் எழுதினேன். கீழே என் பெயர், படிப்பு, பயிற்சி, சான்றிதழ் எண் எல்லாம் போட்டேன். இந்த ஓடுபாதையும் மலைமேல் இருக்கும் நிலையமும் ஒரே துறை என்பதால் ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்குக் கொடுக்கச் சொல்லி, திரும்பிப் போக இருந்த விமானியிடம் கையிலேயே கொடுத்தேன்.

டவர் புகாரை இரண்டு முறை படித்தார். "ரொம்ப ஆபத்துங்களா சார்?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"நாலு வருசமா ஒண்ணும் ஆவலையே."

"ஆகிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா சொல்றதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

அவர் அலமாரியைக் காட்டினார். "அப்ப இதுல எதுவும் உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு எதுக்கு? நான் புதுசு வாங்கிப்பேன்."

"ஒண்ணுகூட வேணாமா?"

"வேணாம்."

"நிச்சயமா வேணாமா சார்?"

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்று கத்தினேன். பிறகு ஒவ்வொரு டப்பாவையும் வெளியே மைதானத்துக்குக் கொண்டுபோய், காற்று அடிக்கும் திசை பார்த்து, வால்வைத் திறந்து வாயுவை வெளியேற்றி, காலியானது உறுதியானதும் சுத்தியலும் ஆணியும் வைத்து ஓட்டை போட்டேன். முறைப்படி செய்தேன், அக்கா, ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டரை மணி நேரம். டவர் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கொடுத்தார். இருபத்து மூன்று முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன், நாட்டுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு டப்பா வாங்கக் கிளம்பினேன்.

குடியிருப்பில் இருப்பது ஒரே தெரு. மளிகைக்கடை, அதன் பின்னறையில்தான் எனக்குத் தங்கல், மாவு மூட்டைக்கும் துடைப்பக் கட்டுக்கும் நடுவில் ஒரு கட்டில். எதிரே எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை, தெரு முடிவில் ஆஸ்பத்திரி, அதில் ஒரு நர்ஸ். முதலில் கடைக்காரம்மாவிடம் கேட்டேன். "கேஸ் டப்பாவா? லாரி வர்றது வருசத்துக்கு ஒரு தடவதான் தம்பி, வந்த நாப்பதும் ஜூலைலயே போயிடுச்சு. எதுல வந்தீங்க?" என்றார். விமானத்தில் என்றேன். "அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை கட்டப் போய்விட்டார். அப்புறம் என்ன என்றால் என்ன அர்த்தம்? பட்டறைக்குப் போனேன். அங்கே இருப்பவரை எல்லோரும் பிஸ்டன் என்கிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "நடந்து வந்தீங்களா, ஃப்ளைட்ல வந்தீங்களா?" என்று கேட்டார். ஃப்ளைட் என்றேன். "ஃப்ளைட்ல வந்துட்டு எங்கிட்ட வந்து டப்பா கேக்குறீங்களே!" என்று சிரித்துவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார். சட்டம் தெரியாத ஆள் போலும் என்று நினைத்து, குனிந்து, விமானத்தில் எரிபொருள் ஏற்றுவது எவ்வளவு பெரிய குற்றம், எத்தனை ஆண்டு தண்டனை என்று டிராக்டரின் அடிவயிற்றைப் பார்த்துப் பத்து நிமிடம் விளக்கினேன். "சரிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நர்ஸிடம் போனேன். அவர் இன்னும் மோசம். "எல்லாரும் அங்கதானே எடுத்துப்பாங்க, நீங்க எடுக்கலையா?" என்றார். அங்கே என்றால் எங்கே என்று கேட்பதற்குள் கைவிரலில் ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவர் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். தகவல் ஒன்று: எல்லோரும் முதலில் கேட்பது விமானத்தில் வந்தாயா என்பது. தகவல் இரண்டு: விமானத்தில் வந்தவனிடம் டப்பா இருந்தே தீரும் என்று நம்புகிறார்கள். தகவல் மூன்று: "அங்கே" என்று ஒரு இடம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரே ஒரு முடிவுதான் வருகிறது. விமானி கேஸ் டப்பா கடத்துகிறான், ஊரே உடந்தை. நேராகக் கொட்டகைக்குப் போய் டவரிடம், "எங்க பதுக்கி வச்சிருக்கீங்க? எல்லாம் எனக்குத் தெரியும், மரியாதையா சொல்லிடுங்க" என்றேன்.

டவர் எழுந்து போய், எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும் கொட்டகைக் கதவை இழுத்து மூடினார். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. நல்ல கொட்டை எழுத்து. "போறவங்க மிச்சத்தை அலமாரியில வச்சுட்டுப் போங்க. வர்றவங்க வேணுங்கிறதை எடுத்துட்டுப் போங்க. காசு இல்லை."

விமானத்தில் கொண்டுபோக முடியாதே, அக்கா. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவனும் மிச்சமிருக்கிற டப்பாவை அங்கே வைத்துவிட்டுத்தான் ஏற முடியும். அடுத்த விமானத்தில் வருகிறவன் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறான். நாலு வருடமாக இந்த ஊர் இப்படித்தான் ஓடுகிறது. "எரிபொருள், அங்கு கிடைக்கும்" என்று கோப்பில் எழுதியிருந்ததும் இதைத்தான். எல்லோரும் "அங்கே" என்றது, அந்த அலமாரியை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியைச் சுத்தியலால் முறைப்படி உடைத்தவன் நான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"மூணு தடவ கேட்டேன் சார். மூணாவது தடவ கத்துனீங்க. நீங்க மேலேருந்து வந்த ஆபீசரு, சோதனைக்கு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். மலைக்குப் போற ஆளுன்னா ஒண்ணாவது வச்சுக்குவீங்கல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உனக்குத் தோன்றினால் எழுது.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், யாரும் திட்டவில்லை. கடைக்காரம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏம்பா, இருவத்து மூணையும் ஒரே நாள்லயா முடிச்சே? அவசரமில்லாத வேலை, தினம் ஒண்ணு ஒண்ணா அடிச்சிருக்கலாம்ல?" என்றார். பிஸ்டன் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என் டிராக்டர் டேங்க்லயும் டீசல் கெடக்கு சார், அதையும் பாத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அதுதான் தாங்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அத்தானோடு ரேடியோ. இங்கே ரேடியோப் பெட்டி இரண்டு, ஒன்று கொட்டகையில், இன்னொன்று மளிகைக்கடையில் எண்ணெய் டின்களுக்கு மேல். கடைக்கு வந்த ஏழெட்டுப் பேரும் வாங்குவதை நிறுத்திவிட்டு என் பின்னால் நின்றுகொண்டார்கள். அத்தான் வழக்கம்போல அறிக்கை வாசிக்கிற குரலில், "காத்து இருவது நாட், வடமேற்கு. மேகம் எட்டுல ஆறு. தாடியை எடுத்துட்டேன். ஓவர்" என்றார். ஏன் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது. எரிபொருள் விஷயத்தில் சின்னத் தாமதம், ஏழாம் தேதிக்குள் கிளம்பிவிடுவேன் என்று சொன்னேன். "எதுக்கு மச்சான் தாமதம்? ஷெட்ல அலமாரி இருக்கும் பாரு, அதுலேருந்து ரெண்டு எடுத்துக்கோ. ஓவர்" என்றார். கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். "எடுத்துக்கறேன் அத்தான், ஓவர்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

அன்று முழுவதும் எரிபொருள் ஆராய்ச்சி. நர்ஸ் காயம் துடைக்கிற ஸ்பிரிட்டில் முந்நூறு மில்லி கொடுத்தார், அதற்கு மேல் கொடுத்தால் ஊசி போட முடியாது என்றார், நியாயம். பால்பவுடர் டின்னை வெட்டி ஒரு ஸ்பிரிட் அடுப்பு செய்தேன். நன்றாகவே எரிந்தது. ஆனால் இரண்டு இரவுக்கும் பனி உருக்கத் தொள்ளாயிரம் மில்லி வேண்டும், இருப்பதை வைத்து முதல் இரவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மிச்ச மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிஸ்டன் பெட்ரோல் கொடுக்கிறேன் என்றார், என் அடுப்புக்குப் பெட்ரோல் ஆகாது. இந்த ஊரில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை, பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது, அதுவும் ஆகாது. கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு குடிக்கத் தண்ணீர் தேடுகிற நிலைமை. கடைசியில் பிஸ்டன் பட்டறைப் பரணிலிருந்து ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ்வை இறக்கினார். மூன்று கால், வயிற்றில் எண்ணெய், பக்கவாட்டில் பம்பு. நிறுத்தேன், மூன்று கிலோ எண்ணூறு கிராம். என் அடுப்பு தொண்ணூற்றிரண்டு கிராம் என்று அவரிடம் சொன்னேன். "அது எரியுமா?" என்று கேட்டார். எரியாது என்றேன். "இது எரியும்" என்றார்.

அது எரியவில்லை. இன்று காலை கடை வாசலில் வைத்து முக்கால் மணி நேரம் போராடினேன். அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு அறுபது முறை பம்ப் செய்தேன். புகை வந்தது, மஞ்சளாக ஒரு ஜுவாலை வந்தது, நின்றது. பர்னரைக் குனிந்து பார்த்தபோது நிற்கவில்லை என்று தெரிந்தது. புருவம் போனது இங்கேதான். கடைக்காரம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "தள்ளுப்பா. எத்தன தடவ பம்ப் பண்ணே?" அறுபது என்றேன். "அடக் கடவுளே, இது ஸ்டவ்வா சைக்கிள் டியூபா?" காற்றைத் திறந்துவிட்டார், ஊசியாக ஒரு பின்னை எடுத்து பர்னர் துளையில் ஒரு குத்துக் குத்தினார், என் ஸ்பிரிட்டில் இரண்டு சொட்டுக் கிண்ணத்தில் ஊற்றிப் பற்றவைத்தார், அது எரிந்து அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார், பிறகு ஆறே ஆறு பம்ப். ஸ்டவ் நீலமாக, புஸ்ஸென்று பாடத் தொடங்கிவிட்டது. "சூடு ஏற விடணும். நீ சூடு ஏறறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டே" என்றார். எத்தனை விநாடி சூடேற விட வேண்டும் என்று கேட்டேன். "தெரியும், அதுவே சொல்லும்" என்றார். நான் கடிகாரத்தை வைத்து மூன்று முறை அளந்துவிட்டேன், நாற்பத்தைந்து விநாடி. அவரிடம் சொன்னேன். "சரி, அப்படியே வச்சுக்கோ" என்றார்.

ஆக, அக்கா, ஸ்டவ் உண்டு, இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் உண்டு, பின் மூன்று உண்டு. மூட்டை கட்டியாகிவிட்டது, இருபத்தாறு கிலோ, தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிகிறது. நாளை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பதினான்காம் தேதி அத்தான் உன் பக்கத்தில் இருப்பார், தாடி இல்லாமல். இனிமேல் தடங்கல் வர வழியே இல்லை, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன்.

அம்மாவின் கால்வலிக்கு என் விசாரிப்பு. குட்டிக்கு என் முத்தம், ஆனால் என் கருவிப்பெட்டியைத் தொட்டால் முத்தம் ரத்து என்று சொல். வரப்போகிறவருக்கு, ஆணோ பெண்ணோ, நல்ல ஆயுளும் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுமையும் வாய்க்கட்டும் என்று ஆசி கூறுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு, அதே நாள், மாலை 5.55:

மேலே எழுதியதில் எதையும் நம்பாதே. கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, டவர் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் தலைமை அலுவலகத்தின் ரேடியோச் செய்தி. அப்படியே எழுதுகிறேன்: "மூன்றாம் தேதிப் புகார் பெறப்பட்டது. விசாரணை முடியும்வரை ஓடுபாதை மூடப்படுகிறது. பதின்மூன்றாம் தேதி விமானம் நிறுத்தி வைக்கப்படுகிறது. தகுதி பெற்ற அலுவலர் அங்கேயே இருப்பதாகப் புகாரின் கீழ்ப்பகுதியில் காண்பதால், அவரே ஆய்வு செய்து அறிக்கை அனுப்பவும். புகார் சரி எனில் தனிக்கிடங்கு கட்டும்வரை விமானம் இல்லை. தவறு எனில் ஓடுபாதை உடனே திறக்கப்படும், புகார்தாரர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். என்ன நடவடிக்கை என்று ஆய்வு அலுவலரே பரிந்துரைக்கவும்."

"அந்த அலுவலரு யாரு சார்?" என்று டவர் கேட்டார்.

"நான்தான்."

"புகார் குடுத்தவரு?"

"நான்தான்."

"அப்ப நடவடிக்கை?"

"அதுவும் எம் மேலதான்."

அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அலமாரிக்கும் ஹீட்டருக்கும் நாலு அடின்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு நீங்க நாடாவே எடுக்கலையே. நான் இப்ப வர்றதுக்கு முன்னாடி அளந்து பாத்தேன். பத்தொம்பது அடி வருது. நடுவுல தகரத் தடுப்பு வேற இருக்கு."

அக்கா, நான் கருவி ஆள். சம்பளம் வாங்குவதே அளப்பதற்கு. ஏழு குறையையும் பெஞ்சில் உட்கார்ந்தபடி, கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட அளக்கவில்லை. சோதனைச் சாவடி அம்மாவாவது மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

இனி நான் செய்யப்போவது:

1. இந்த நிமிடமே நாடாவோடு கொட்டகைக்குப் போவது. டவர் அளந்ததையும் நம்பாமல் நானே அளப்பது, ஒவ்வொன்றையும் மூன்று முறை.

2. ஏழு குறைகளில் எது அளவில் நிற்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடிப்பது. பூட்டு இல்லை, தேதி எழுதவில்லை என்ற இரண்டும் நிற்கும் என்று நினைக்கிறேன். பூட்டை பிஸ்டனிடம் வாங்கி இன்றே போடுவது, சாவியை டவரிடம் கொடுப்பது. இனி வைக்கிறவர்கள் தேதி எழுத ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது.

3. பலகையைக் கதவுக்குப் பின்னாலிருந்து கழற்றி வெளிச்சுவரில், எழுதப் படிக்கத் தெரிந்த முட்டாளுக்கும் தெரிகிற உயரத்தில் அடிப்பது.

4. அளவு நான் நினைக்கிறபடி வந்தால், "புகார் தவறு" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது. காரணம் என்ற இடத்தில், "புகார்தாரர் அளக்கவில்லை." அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை.

5. ஏழரை மணிக்குள் அறிக்கையை ரேடியோவில் வாசித்துவிடுவது. கடையில் உள்ள பெட்டியிலும் கேட்கும், அத்தானுக்கும் கேட்கும், கேட்கட்டும்.

6. பதிலுக்குக் காத்திருக்காமல் காலை ஐந்து மணிக்கு மலையேறுவது. விமானம் வருமா என்று தெரிந்துகொண்டு ஏறலாம் என்றால் ஏழாம் தேதி போய்விடும். பத்தாம் தேதி காலை அத்தானை இறக்கிவிடுவது. ஓடுபாதை திறந்திருக்கும் என்று அவரிடம் அடித்துச் சொல்வதில்லை. திறந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொல்வது.

7. புகார்தாரர் மீதான நடவடிக்கை என்ற கட்டத்தில், அவருக்கு மலைமேல் ஒதுக்கிய மூன்று மாதத்தை ஆறு மாதமாக நீட்டிக்கலாம், அதுவரை இப்போது இறங்குகிறவர் திரும்ப வேண்டியதில்லை என்று பரிந்துரைப்பது. இதற்காக நன்றி கின்றி என்று எதுவும் எழுதாதே. இது தண்டனை.